மேட்ச் முடிந்ததும் பேசியவர்

1938-ல் லாகோஸ் தடகளப் போட்டியின் தொடர் ஓட்டத்தில் ஜெயித்த அணியில், கடைசிச் சுற்றை ஓடியவருக்கு 33 வயது. அந்த வயதில் ஓட்டக்காரர்கள் வழக்கமாக விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவராகிவிடுவார்கள். இவருக்கோ நாள் முழுக்க வேறு வேலை இருந்தது: ஊரே படிக்கிற ஒரு தினசரியின் முதலாளியும் ஆசிரியரும் அவர்தான். ஓடிய அணியின் பெயர் ஸிக்கின் தடகளக் கழகம். ஸிக் என்பது அவருடைய செல்லப்பெயர்தான், கழகத்துக்கு அதையே வைத்துவிட்டார், தன்னடக்கத்துக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். முழுப்பெயர் நம்டி அசிகிவே. 25 வருஷம் கழித்து, 1963-ல், நைஜீரியாவின் முதல் ஜனாதிபதி.

ஜனாதிபதியாக அவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதவியில் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது, எனக்கு அதில் பெரிய ஆர்வமும் இல்லை. 1938 முதல் 1951 வரை லாகோஸ் என்கிற ஒரே ஊரை மையமாக வைத்து, ஒரு கால்பந்து டீமையும் ஒரு பத்திரிகையையும் கொண்டு அவர் எப்படி ஒரு கட்சிக்கு அடித்தளம் போட்டார் என்பதுதான் சுவாரசியம். அந்தக் கழகத்தை அவர் தொடங்கியது இனம் பார்த்துக் கதவைச் சாத்துகிறார்களே என்ற கோபத்தில். கடைசியில் அவருடைய அரசியலைத் தடுத்து நிறுத்தியதும் அதே இனக் கதவுதான், அந்தக் கதவை வேறொருவர் முகத்தில் அவரே சாத்தவும் செய்தார். கதை நேர்கோட்டில் போகாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

நைஜீரியா அன்றைக்கு ஒரு நாடே இல்லை, பிரிட்டிஷ்காரர்கள் 1914-ல் இரண்டு துண்டுகளை ஒட்டிவைத்த ஒரு வரைபடம். வடக்கே ஹௌசா-ஃபுலானி முஸ்லிம்கள், தென்மேற்கே யொரூபாக்கள், தென்கிழக்கே இக்போக்கள், நடுவில் நூற்றுக்கணக்கான சிறு இனங்கள். ஸிக்கின் குடும்பம் கிழக்கே நைஜர் நதிக்கரையில் இருக்கும் ஒனிட்ஷா ஊர் இக்போக் குடும்பம். ஆனால் 1904 நவம்பர் 16-ல் அவர் பிறந்தது வடக்கே ஸுங்கேருவில், ஏனென்றால் அப்பாவுக்கு ராணுவத்தில் குமாஸ்தா வேலை. பையன் தெருவில் ஹௌசா பேசி வளர்ந்தான். மகனுக்குத் தாய்மொழியைவிட ஹௌசா நன்றாக வருகிறதே என்று அப்பாவுக்குக் கவலை வந்து, இக்போ கற்றுக்கொள்ள ஒனிட்ஷாவுக்கு அனுப்பினார். பிறகு படிப்புக்கு லாகோஸ், அங்கே யொரூபா. இப்படி பத்துப் பதினைந்து வயதுக்குள் நாட்டின் மூன்று பெரிய மொழிகளும் கைவந்துவிட்டன. அன்றைய அரசியல்வாதிகளில் இது எத்தனை பேருக்கு வாய்த்தது என்று யோசித்தால், மைக் பிடித்த இடத்தில் எல்லாம் கூட்டம் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

லாகோஸில் கருவூல அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, சாயங்காலம் கால்பந்து. 1923-ல் லாகோஸ் லீக்கை ஜெயித்த டைமண்ட் கழகத்தில் இவர் இன்சைட் ரைட், அதாவது முன்வரிசையில் வலப்பக்கம் ஆடுபவர். ஆனால் மனசு அமெரிக்காவில் இருந்தது. கோல்டு கோஸ்ட்டிலிருந்து, அதாவது இன்றைய கானாவிலிருந்து, அமெரிக்கா போய்ப் படித்துப் பேராசிரியரான ஜேம்ஸ் அக்ரி 1920-ல் லாகோஸில் பேசியதைக் கேட்டதிலிருந்தே அந்த ஆசை. கையில் காசு இல்லை. 1924-ல் நண்பர்களோடு கப்பலில் ஒளிந்துகொண்டு கிளம்பினார், வழியில் ஒரு நண்பருக்கு உடம்பு சரியில்லாமல் போய் அதே கோல்டு கோஸ்ட்டில் இறங்க வேண்டியதாயிற்று. அக்ராவில் போலீஸில் சேர்ந்தார். அம்மா தேடிவந்து கூட்டிக்கொண்டு போனார். அப்புறம் அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை மகனின் கையில் கொடுக்க, 1925-ல் ஒழுங்காக டிக்கெட் எடுத்துக் கப்பல் ஏறினார்.

அமெரிக்காவில் ஒன்பது வருஷம். மேற்கு வர்ஜீனியாவில் ஸ்டோரர் கல்லூரி, வாஷிங்டனில் ஹோவர்டு, பென்சில்வேனியாவில் லிங்கன் பல்கலைக்கழகம். எல்லாம் கறுப்பின மாணவர்களுக்கான கல்வி நிலையங்கள். பாத்திரம் கழுவினார், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார், பிட்ஸ்பர்க்கில் ஒரு கட்டத்தில் எல்லாம் கசந்துபோய் ரயில் தண்டவாளத்தில் படுத்தவரை ஒருவர் இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார். அதற்கு நடுவில் விளையாட்டில் அவர் சேர்த்த பட்டியலைப் பார்த்தால் எப்போது படித்தார் என்றே புரியாது. ஸ்டோரரில் வெல்டர்வெயிட் எடைப்பிரிவில் குத்துச்சண்டை சாம்பியன். 1926-ல் ஹோவர்டில் உயரம் தாண்டுதலில் முதலிடம், 1928-ல் மல்லாக்க நீந்தும் போட்டியிலும் முதலிடம். 1930-ல் லிங்கன் கால்பந்து அணிக்கு கேப்டன். 1931-ல் இரண்டு மைல் ஓட்டத்தில் கறுப்பினக் கல்லூரிகளுக்கு இடையே முதல் பரிசு. 1932-ல் நியூயார்க் புரூக்ளினில் நடந்த போட்டியில் ஆயிரம் கெஜம், ஒரு மைல், மூன்று மைல் மூன்றிலும் தங்கம். ஸிக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான்.

1934-ல் லண்டனில் பேரரசு விளையாட்டுப் போட்டி, அதாவது இன்றைய காமன்வெல்த் போட்டியின் தாத்தா. நைஜீரியா சார்பில் அரை மைலுக்கும் ஒரு மைலுக்கும் பெயர் கொடுத்தார். பிரிட்டனின் தடகளச் சங்கம் ஏதோ விதிமுறைக் காரணம் காட்டி நிராகரித்துவிட்டது. பேரரசின் குடிமகன், பேரரசின் மைதானத்தில் ஓட முடியாது. அத்தோடு, ஞானஸ்நானத்தில் வைத்த பெஞ்சமின் என்ற ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எங்கும் நம்டி அசிகிவேதான். பின்னாளில் அவர் எழுதிய எத்தனையோ தலையங்கங்களைவிட இந்த ஒரு பெயர் நீக்கம் எனக்கு நிறையச் சொல்கிறது. அந்த மனிதரை எங்கே தொட்டால் வலிக்கும் என்று இதில் தெரிந்துவிடுகிறது.

அதே வருஷம் ஆப்பிரிக்கா திரும்பினார், ஆனால் நேராக லாகோஸுக்கு இல்லை. அக்ராவில் ஒரு தினசரிக்கு ஆசிரியரானார். அதில் வந்த ஒரு கட்டுரைக்காக 1936-ல் அவர்மேல் ராஜத்துரோக வழக்கு போட்டார்கள், கட்டுரையை எழுதியவர் சியாரா லியோனைச் சேர்ந்த தொழிற்சங்கவாதி வாலஸ்-ஜான்சன். ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டில் 1937-ல் விடுதலை. ஜெயிலுக்குப் போகாமலேயே தியாகிப் பட்டம். அந்தப் பெயரோடு லாகோஸ் வந்து இறங்கி, 1937 நவம்பர் 22-ல் வெஸ்ட் ஆஃப்ரிகன் பைலட் பத்திரிகையைத் தொடங்கினார். விலை ஒரு பென்னி. அதுவரை லாகோஸ் பத்திரிகைகள் வக்கீல்களும் டாக்டர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்கிற நடையில் இருந்தன. பைலட்டில் தடித்த தலைப்பு, படம், ஊர்வம்பு, விளையாட்டுச் செய்தி எல்லாம் வந்தது, அமெரிக்காவில் கற்றுக்கொண்ட வித்தை. ரயில்வே குமாஸ்தாவும் பள்ளி வாத்தியாரும் வாங்கினார்கள், வாங்க முடியாதவர்கள் பக்கத்தில் நின்று வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால்தான் கால்பந்து எதற்கு என்று விளங்கும். 1922-ல் கவர்னர் கிளிஃபோர்டு கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, சுமார் 2 கோடி ஜனம் இருந்த நைஜீரியாவில் தேர்தல் மூலம் சட்டசபைக்குப் போனவர்கள் நாலே நாலு பேர். லாகோஸிலிருந்து மூன்று பேர், கலாபார் ஊரிலிருந்து ஒருவர். வாக்குரிமை ஆண்களுக்கு மட்டும், அதிலும் வருஷத்துக்கு 100 பவுண்டு வருமானம் உள்ளவர்களுக்கு. லாகோஸில் அப்படிப்பட்டவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆகவே அரசியல் என்றால் லாகோஸ் அரசியல், லாகோஸ் அரசியல் என்றால் ஹெர்பர்ட் மெக்காலே. நிலஅளவையாளராக இருந்து அரசியலுக்கு வந்த, பெரிய மீசைக்கார மனிதர். 1923, 1928, 1933 மூன்று தேர்தலையும் அவர் கட்சியே எடுத்துக்கொண்டது. 1938-ல்தான் நைஜீரிய இளைஞர் இயக்கம் அதை உடைத்தது, ஸிக் அப்போது அந்த இயக்கத்தில் இருந்தார், பைலட் அதற்கு முரசு கொட்டியது.

ஆனால் எண்ணிக்கை அப்படியேதானே இருக்கிறது? லாகோஸில் ஜெயித்தாலும் நாட்டில் ஓட்டே இல்லாத மற்ற கோடிக்கணக்கான பேரிடம் எப்படிப் போவது? வடக்கே கூட்டம் போட்டால் வெள்ளைக்கார அதிகாரிக்கு உடனே மூக்கில் வியர்க்கும். கால்பந்து மேட்ச்சுக்கு யாருக்கும் வியர்க்காது. சொல்லப்போனால் விளையாட்டை அவர்களேதான் கொண்டுவந்து பள்ளிகளில் வளர்த்தார்கள், ஒழுங்கு வரும், கட்டுப்பாடு வரும், எதிர்த்துப் பேசாமல் நடுவர் தீர்ப்பை ஏற்கும் பழக்கம் வரும் என்று. அதே நேரம் தங்கள் கழகங்களில் கறுப்பர்களைச் சேர்க்க மாட்டார்கள். லாகோஸின் இகோயி பகுதி ஐரோப்பியர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது, அவர்களுக்கான இகோயி கழகம் தொடங்கியதும் இதே 1938-ல்.

வெள்ளையர் கதவு ஒன்று. இன்னொன்று ஆப்பிரிக்கர்களே போட்ட கதவு. லாகோஸ் யொரூபா ஊர். படித்த யொரூபாக்களுக்குத் தனிக் கழகங்கள் இருந்தன. அப்படி ஒன்றில் சேரப்போன ஸிக்கை, இக்போக்காரர் என்பதால் சேர்த்துக்கொள்ளவில்லை. லண்டனில் நாடு பார்த்துத் தள்ளினார்கள், இங்கே இனம் பார்த்து. சரி, நாமே தொடங்குவோம் என்று 1938-ல் ஸிக்கின் தடகளக் கழகத்தை ஆரம்பித்தார். எந்த இனமானாலும், எந்த நாட்டவரானாலும், எந்த வர்க்கமானாலும், பெண்கள் உட்பட, சேரலாம். கால்பந்து, ஓட்டம், குத்துச்சண்டை, நீச்சல், டென்னிஸ் எல்லாம் உண்டு. லாகோஸ் நிலப்பகுதியில் யாபாவில் மைதானம், பைலட் அலுவலகமும் அதே யாபாவில்தான். அந்த வருஷம் அவரே டென்னிஸ் இரட்டையரில் இரண்டாம் பிரிவின் இறுதியாட்டம் வரை போய்த் தோற்றார், தொடர் ஓட்டத்தில் ஜெயித்தார். முதலாளி பணத்தை மட்டும் போட்டுவிட்டுப் பந்தலில் உட்காரவில்லை என்பதைப் பசங்கள் கவனித்திருப்பார்கள்.

கழகம் வேகமாக வளர்ந்தது. 1942-ல் லாகோஸ் லீக்கையும் போர் நினைவுக் கோப்பையையும் ஒரே வருஷத்தில் தூக்கியது. கம்பெனி டீம்களும் அரசாங்கத் துறை டீம்களும் கோலோச்சிய காலத்தில், ஒரு பத்திரிகைக்காரரின் டீம் இரண்டையும் எடுப்பது சாதாரண விஷயமில்லை. மற்ற ஊர்களிலும் கிளைகள் முளைத்தன. அதற்குள் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, இங்கேதான் ஸிக்கின் மூளை வேலை செய்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

போருக்கு நிதி திரட்ட வேண்டும் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டிருந்தது. ஸிக் டீமை ஊர் ஊராகக் கிளப்பினார். உள்ளூர் அணியோடு ஆட்டம், டிக்கெட் வசூல் போர் நிதிக்கு. எந்த அதிகாரி மாட்டேன் என்று சொல்வான்? பேரரசுக்கு உதவ வருகிறவனைத் தடுத்தால் மேலிடத்துக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். ரயில் போன ஊர்களில் எல்லாம் தெற்கிலிருந்து வேலைக்கு வந்த குமாஸ்தாக்கள், தபால்காரர்கள், வாத்தியார்கள் இருந்தார்கள். வடக்கே நகரங்களில் இவர்களுக்கு மதிலுக்கு வெளியே சபோன் காரி என்று தனிக் குடியிருப்பே உண்டு, ஹௌசாவில் புது ஊர் என்று அர்த்தம். பைலட்டின் வாசகர்கள் இவர்கள்தான், விற்பனை ஏஜெண்டுகளும் இவர்களில்தான். மேட்ச் பார்க்க இவர்கள் வருவார்கள், இவர்களோடு இங்கிலீஷ் படிக்கத் தெரியாத கூட்டமும் வரும். ஆட்டம் முடிந்ததும் ஸிக் பேசுவார். பேச்சில் சட்டத்தை மீறி ஒன்றும் இருக்காது. ஜனநாயகத்துக்காக, சுதந்திரத்துக்காகப் போரிடுகிறோம் என்று பிரிட்டனே சொல்கிறது, எல்லா மக்களுக்கும் தங்கள் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று 1941-ல் அட்லாண்டிக் சாசனத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறது, அப்படியானால் நமக்கு எப்போது என்று கேட்பார். அவ்வளவுதான். மறுநாள் பைலட்டில் ஸ்கோரும் வரும், பேச்சும் வரும்.

இதைத் தந்திரம் என்று மட்டும் சொன்னால் அநியாயம். போர் நிதிக்கு வசூலானது நிஜமான பணம், ஆட்டமும் நிஜமான ஆட்டம், கோல் விழுந்தபோது கத்தியவர்கள் அரசியலுக்காகக் கத்தவில்லை. ஆனால் ஒரு யொரூபா லெஃப்ட் விங்கர், ஒரு இக்போ கோல்கீப்பருக்கு முன்னால் நின்று ஆடுவதை ஒரு ஹௌசா நகரத்தில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது என்பது, நைஜீரியா என்ற ஒன்று இருப்பதைக் கண்ணால் பார்ப்பதற்குச் சமம். வரைபடத்தில் இருந்ததை மைதானத்தில் காட்டினார்கள். அரசாங்கம் காட்டாத ஒன்று அது, அரசாங்கத்துக்கு அதில் ஆர்வமும் இல்லை.

1940 முதல் பத்திரிகைகளும் அதே பாதையில் பரவின: போர்ட் ஹார்கோர்ட்டில் ஒன்று, ஒனிட்ஷாவில் ஒன்று, வாரியில் ஒன்று. 1944 ஆகஸ்டில் நைஜீரியா மற்றும் கேமரூன்களின் தேசிய கவுன்சில் என்ற கட்சி பிறந்தபோது, தலைவர் கிழவர் மெக்காலே, பொதுச் செயலாளர் ஸிக். ஒரு காலத்தில் யாருடைய கோட்டையை உடைக்க இளைஞர் இயக்கத்தோடு நின்றாரோ அதே மெக்காலே. சங்கங்கள் சேர்ந்த கட்சி அது. தொழிற்சங்கம், ஊர்ச்சங்கம், வாலிபர் சங்கம் எல்லாம் சங்கமாகவே உறுப்பினர் ஆகலாம். எந்த ஊரில் எந்தச் சங்கம் உயிரோடு இருக்கிறது என்று அறிந்த ஒருவர் வேண்டும், ஸிக்குக்கு அது மேட்ச் ஏற்பாடு செய்தே மனப்பாடம்.

1945 ஜூனில் விலைவாசி தாங்காமல் ரயில்வே, தபால், தந்தி ஊழியர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பைலட் முழுக்க அவர்கள் பக்கம். ஜூலை 8-ல் பைலட்டையும் அவருடைய இன்னொரு தினசரி காமெட்டையும் அரசாங்கம் தடை செய்தது. அடுத்து ஸிக் ஒரு குண்டைப் போட்டார்: தன்னைக் கொல்ல அதிகாரிகள் சதி செய்வதாக வயர்லெஸ் செய்தி ஒன்று சிக்கியது என்று உலகத்துக்கெல்லாம் தந்தி அடித்துவிட்டு, ஒனிட்ஷா போய் மறைந்துகொண்டார். அரசாங்கம் மறுத்தது. எதிரிகள் சிரித்தார்கள். நானும் இதை நம்பத் தயாராக இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் சில பேர் பெனால்டி பாக்ஸில் லேசாகத் தொட்டாலே சுருண்டு விழுவார்களே, அந்த ரகம். ஆனால் ஜனம் நம்பியது. அவர் பெயரில் இளைஞர்கள் ஸிக்கிஸ்ட் இயக்கம் என்று 1946-ல் தொடங்கும் அளவுக்கு நம்பியது. பிற்பாடு அந்தப் பசங்கள் சிறைக்குப் போனபோது ஸிக் தள்ளி நின்றுகொண்டார், அது அவர் கணக்கில் ஒரு கறுப்புப் புள்ளி.

1946-ல் கவர்னர் ரிச்சர்ட்ஸ் கொண்டுவந்த புது அரசியலமைப்பை எதிர்த்து நாடு முழுவதும் சுற்றுப்பயணம். டீம் இல்லாத டூர். மெக்காலேயும் தள்ளாத வயதில் கூடவே கிளம்பி, வடக்கே கானோவில் உடம்புக்கு முடியாமல் லாகோஸ் திரும்பி மே 7-ல் இறந்துபோனார். ஸிக் தலைவரானார். அந்தப் பயணத்தில் 13,000 பவுண்டுக்கு மேல் வசூல். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பழகிய ஊர்கள் இப்போது கட்சிக்குக் காசு கொடுத்தன. 1947-ல் லாகோஸின் மூன்று சட்டசபை இடங்களும் அவர் கட்சிக்கு, ஒன்று ஸிக்குக்கே. மற்ற இருவர் அடெலகே அடெடோயின், டாக்டர் ஓலோருன்-நிம்பே, இருவரும் யொரூபாக்கள். ஒரு இக்போக்காரர், யொரூபா ஊரில், யொரூபாக்களோடு சேர்ந்து நின்று ஜெயித்தது அந்தக் கழகம் தொடங்கிய கனவின் உச்சம் என்றே சொல்லலாம்.

அப்புறம் 1949. அந்த ஆகஸ்டில் நைஜீரியாவின் தேர்வு செய்யப்பட்ட 18 ஆட்டக்காரர்கள் கப்பலில் லிவர்பூல் போய் இறங்கினார்கள். கேப்டன் கலாபார் பக்கத்து ஏட்டிம் ஹென்ஷா. கூட்டத்தில் தண்டர் என்று பட்டப்பெயர் வாங்கிய டெஸ்லிம் பலோகன், பந்து கிளம்பும் சத்தத்துக்காக வைத்த பெயர். பெரும்பாலானோர் பூட்ஸ் போடாமல், கணுக்காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடினார்கள். ஆகஸ்ட் 31-ல் மரைன் கிராஸ்பி என்ற அணியோடு முதல் ஆட்டம், 5-2 என்று ஜெயித்தார்கள். வெறுங்காலால் இவ்வளவு தூரம் அடிக்க முடியுமா என்று இங்கிலீஷ் பத்திரிகைகள் வாயைப் பிளந்தன. பிறகு மழை வந்தது, சேற்றில் கால் வழுக்கியது. மொத்தம் ஒன்பது ஆட்டத்தில் இரண்டு வெற்றி, இரண்டு டிரா, ஐந்து தோல்வி. திரும்பும் வழியில் ஃப்ரீடவுனில் சியாரா லியோனை 2-0 என்று ஜெயித்தார்கள், நைஜீரியாவின் முதல் சர்வதேச ஆட்டம் அதுதான். அதை ஒரு தேசத்தின் வெற்றியாகவே ஊர் கொண்டாடியது. கொண்டாட்டம் அடங்கும் முன், நவம்பர் 18-ல் கிழக்கே எனுகு நகரத்துப் பக்கம் ஐவா வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டது. 21 பேர் இறந்தார்கள். லிவர்பூலில் கைதட்டிய அதே பேரரசு.

இவ்வளவு தூரம் வந்தவர் எங்கே தடுக்கி விழுந்தார்? பழைய இடத்தில்தான். விரிசல் 1941-லேயே தெரிந்தது. இளைஞர் இயக்கத்தில் ஒரு சட்டசபை இடத்துக்கு இஜா இனத்து எர்னஸ்ட் இக்கோலியும் இஜேபு யொரூபாவான சாமுவேல் அகின்சன்யாவும் மோதினார்கள். ஸிக் அகின்சன்யா பக்கம் நின்றார், தோற்றதும் இதில் இனத் துவேஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அவரோடு இக்போ உறுப்பினர்கள் மொத்தமாக வெளியேறினார்கள், இயக்கம் அதோடு படுத்தது. 1948-ல் யொரூபாக்களின் பண்பாட்டுச் சங்கம் நைஜீரியாவில் வலுவாகக் கால் ஊன்றியபோது, பைலட்டும் எதிர்த்தரப்புப் பத்திரிகையும் அடித்துக்கொண்ட அடியில் லாகோஸ் சந்தையில் வெட்டுக்கத்தி விற்றுத் தீர்ந்ததாகச் சொல்வார்கள். அந்த வருஷக் கடைசியில் ஸிக் இக்போ சங்கத்துக்குத் தலைவரானார். 1949-ல் ஆபா ஊரில், ஆப்பிரிக்காவை விடுவிக்க ஆண்டவன் இக்போ இனத்தைத் தனியாகப் படைத்திருக்கிறான் போலும் என்ற பொருளில் பேசினார். இனம் பார்க்காத கழகத்தைத் தொடங்கியவர் பேசுகிற பேச்சா இது? அந்த ஒரு வாக்கியத்தை எதிரிகள் ஆயுள் முழுக்கத் திருப்பித் திருப்பி வாசித்துக் காட்டினார்கள், வாசித்தது நியாயமும்கூட.

1951-ல் புது ஏற்பாடு. நாட்டின் மூன்று பிராந்தியங்களுக்கும் அதிகாரம் கூடியது, லாகோஸ் மேற்குப் பிராந்தியத்தில் சேர்ந்தது. லாகோஸின் ஐந்து இடங்களையும் ஸிக்கின் கட்சி அள்ளியது. ஆனால் மேற்குப் பிராந்திய சபையில் பெரும்பான்மை ஒபாஃபெமி அவோலோவோவின் ஆக்‌ஷன் குரூப் கட்சிக்கு, அதாவது யொரூபாக் கட்சிக்கு. மத்திய சபைக்கு லாகோஸிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பிராந்திய சபைதான். ஸிக்கை அனுப்ப வேண்டுமானால் அவருடைய சகாக்கள் வழிவிட வேண்டும். 1947-ல் கூடவே ஜெயித்த அடெடோயினும் ஓலோருன்-நிம்பேயும் விட மாட்டோம் என்றார்கள். நாடு முழுக்கத் தெரிந்த தலைவர், ஒரு பிராந்தியத்தின் எதிர்க்கட்சி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு ஜீரணமாகாதது. லாகோஸை விட்டுவிட்டுக் கிழக்கே போனார். கிழக்குப் பிராந்திய அரசை நடத்திக்கொண்டிருந்தவர் ஏயோ இட்டா, அதே கட்சிக்காரர், கலாபாரைச் சேர்ந்த எஃபிக் இனத்துக் கல்வியாளர். 1953-ல் அவரைக் கட்சி பலத்தால் நெருக்கி, சபையே கலைந்து, அடுத்த தேர்தலில் ஸிக் அந்த இடத்துக்கு வந்தார். சிறுபான்மை இனத்துக்காரர் போய் இக்போத் தலைவர் வந்தார் என்றுதான் கலாபார் பக்கம் பார்த்தார்கள், அந்த வடு ஆறவே இல்லை. 1954 அக்டோபரில் கிழக்குப் பிராந்திய முதலமைச்சர். நடுவில் தன் குடும்பத்துக்குப் பங்கிருந்த வங்கியில் அரசாங்கப் பணத்தைப் போட்டதாக விசாரணைக் கமிஷன், 1957-ல் பாதகமான அறிக்கை, பங்குகளை அரசுக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு மறுபடி தேர்தலில் ஜெயித்தார். சுதந்திரம், கவர்னர் ஜெனரல், ஜனாதிபதி எல்லாம் அப்புறம் வரிசையாக வந்தன.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 1954 ஆகஸ்டில் கனடாவின் வான்கூவரில் பேரரசு விளையாட்டுப் போட்டி, 20 வருஷத்துக்கு முன் ஸிக்கை ஓட விடாத அதே போட்டி. உயரம் தாண்டுதலில் ஒற்றைக் காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு, இடது காலில், 6 அடி 8 அங்குலம் தாண்டித் தங்கம் வாங்கினான் ஒரு நைஜீரிய இளைஞன். அந்தப் போட்டிகளில் தங்கம் வென்ற முதல் கறுப்பு ஆப்பிரிக்கன். பெயர் எம்மானுவேல் இஃபேஅஜுனா, ஊர் ஒனிட்ஷா. ஸிக்கின் ஊர்க்காரன், 1926-ல் ஸிக் ஜெயித்த அதே விளையாட்டு. நாடே கொண்டாடியது.

அந்தப் பையன் பின்னால் ராணுவத்தில் சேர்ந்து மேஜரானான். 1966 ஜனவரி 15 விடிகாலையில் முதல் ராணுவப் புரட்சியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவன். லாகோஸில் பிரதமர் தஃபாவா பலேவாவை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனது அவன் தலைமையில் வந்த கூட்டம்தான், பிரதமரின் சடலம் சில நாள் கழித்துச் சாலையோரத்தில் கிடைத்தது. ஜனாதிபதி ஸிக் அப்போது வைத்திய விடுப்பில் வெளிநாட்டில். புரட்சி தோற்றது, ஆனால் ராணுவம் ஆட்சியை வைத்துக்கொண்டது, ஜனாதிபதி பதவியும் போயிற்று. இஃபேஅஜுனாவை 1967 செப்டம்பர் 25-ல் எனுகுவில், கிழக்கே இக்போக்கள் தனிநாடாக அறிவித்துக்கொண்ட பயாஃப்ராவின் அரசு சுட்டுக் கொன்றது, அங்கேயும் கவிழ்க்கச் சதி செய்தான் என்று. ஸிக் முதலில் பயாஃப்ராவுக்காக நாடு நாடாகப் போய் அங்கீகாரம் கேட்டார், 1969-ல் மனம் மாறி மத்திய அரசு பக்கம் வந்தார். 1996 மே 11-ல் 91 வயதில் காலமானார்.

எனுகுவில் கால்பந்து மைதானத்துக்கு இப்போது அவர் பெயர், நம்டி அசிகிவே ஸ்டேடியம். அதில் ஆடும் உள்ளூர் அணி எனுகு ரேஞ்சர்ஸ், 1970-ல் பயாஃப்ரா போரில் தோற்ற கையோடு இக்போக்கள் தொடங்கிய டீம். தொடங்கிய சில வருஷத்திலேயே லீக்கை ஜெயித்தது. தோற்றுப்போன ஒரு இனம் தலை நிமிர்ந்து நடக்க அந்த ஆட்டங்கள் போதும் என்று அன்றைக்கு இருந்தவர்கள் சொல்வார்கள். மேட்ச் நாளில் மைதானத்துக்குள் நுழையும்போது வாசலில் ஸிக்கின் பெயர், கேலரி முழுக்க இக்போவில் பாட்டு.